ஊர்வலத்தின் கோடு

மருதையன் ஆலைச் சங்கத்துக்கு முப்பது வருடம் துண்டறிக்கை எழுதியவர். அவர் படித்ததும் துண்டறிக்கைகளில்தான். சங்கக் கட்டடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக அறிவியல் சொல்லித்தந்த பூங்கோதைக்கு வெளியூருக்கு மாற்றல் வந்துவிட்டது. இனி வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டபோது கூட்டத்தில் எழுந்தவர் இவர் ஒருவரே. கிளம்புவதற்குள் அவருக்குப் பாடங்களைச் சொல்லித்தர அவள் ஒப்புக்கொண்டாள். இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் மாணவராக உட்கார அவருக்குக் கூச்சமில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் முன்னால் தடுமாறுவதற்குத்தான் கூச்சம்.

இயக்கப் பாடம் மட்டும் பாக்கி. கிடையாக நேரம், மேல்நோக்கி, கிளம்பின இடத்திலிருந்து தொலைவு, நடந்த ஒன்றை வரையுங்கள் என்று கிராஃப் தாளை நீட்டினாள் பூங்கோதை.

அவர் பழைய ஊர்வலம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஆலை வாசல், காலை ஒன்பது மணி என்று புள்ளி வைத்தார். அங்கிருந்து ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பு, வலது மேல் மூலைவரை.

"கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தீர்களா, தோழர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாலத்தில் போலீஸ் மறித்தது, இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தது, ஆலை வாசலுக்கே திரும்பியது எல்லாவற்றையும் மெல்லச் சொன்னார். திரும்பியதை அவர் எந்த நோட்டீசிலும் எழுதியதில்லை.

"அன்றைக்கு உங்களோடு வந்தவர்களின் பிள்ளைகள்தான் வகுப்பில் இருக்கிறார்கள்" என்றாள் அவள்.

அழித்துவிட்டு, பாலம்வரை ஏற்றினார். பிறகு பென்சிலைத் தூக்கி, இரண்டு மணி நேரத்தைத் தாண்டி வைத்தார். நகராதபோது வரைய என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"நகரவில்லை. ஆனால் இருந்தீர்களே" என்று அந்த இடைவெளியில் ஒரு படுக்கைக் கோடு போட்டாள்.

அடுத்து இறக்க வேண்டும். கை நின்றுவிட்டது.

"இதைப் போட்டால் கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டோம் என்று ஆகிவிடும், டீச்சர். அன்றைக்கு முதலாளியும் இதைச் சொல்லித்தான் சிரித்தான்."

"போடுங்கள்."

போட்டார். கோடு சரிந்து, மாலை நான்கு மணியில் அடியைத் தொட்டது.

"இப்போது பென்சிலை எடுக்காமல், ஒன்பது மணிப் புள்ளிக்குப் போங்கள்."

மருதையன் எண்ணிப் பார்த்தார். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே, மணிக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள்.

"இடப்பக்கம் போக வழியில்லையே, டீச்சர். நேரம் பின்னால் போகாதே."

"முதலாளிக்கும் கிடையாது, தோழர்."