ஷீலாவின் முதுகு

சக்கர நாற்காலி ஓட்டத்தில் பத்து வருடத்துக்கு மேலாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்த ஒருத்தி, அத்தனை வருடமும் தன்னைத் தோற்கடித்தவளிடமே பாடம் கேட்கப் போனாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாரிடம் போவது?

அவள் பெயர் மங்கையர்க்கரசி. இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரை வைத்த தகப்பனை வர்ணனையாளர்கள் மனதுக்குள் நிறையத் திட்டியிருப்பார்கள். பாதிப் பேர் அவளை "நீலச் சட்டைக்காரி" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

ஷீலாவின் பெயரில் அந்தக் கரைச்சல் இல்லை. வெள்ளைக்காரரின் வாய்க்கும் சுலபமான பெயர். அதைச் சொல்லிப் பழக அவளும் அவர்களுக்கு நிறையவே சந்தர்ப்பம் கொடுத்தாள். பிரிட்டனுக்காக ஓடி அவள் வாங்கிய பதக்கங்களை வைக்க, புருஷன் தனியாக ஒரு கண்ணாடி அலுமாரி வாங்கவேண்டி வந்தது. பரிசு மேடையில் எடுத்த படம் எதைப் பார்த்தாலும் நடுவில் ஷீலா சிரிப்பாள். பக்கத்தில் மங்கை, சிரிக்கிற மாதிரி இருப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் ஷீலா போதும் என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினாள். மங்கை வாழ்த்துச் சொல்லிப் பூங்கொத்து அனுப்பினாள். கொத்து கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த முதல் ஓட்டத்தில் மங்கை இரண்டாவதாக வந்தாள்.

லெஸ்டரில் ஷீலாவின் வீட்டுக்கு அவள் போனபோது, ஓய்வு பெற்ற சாம்பியன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு மட்டன் றோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் நன்றாக உருண்டிருந்தது. அது அவளுக்கு வடிவாகவும் இருந்தது.

"வா மங்கை. றோல் எடு. சுடச்சுட இருக்கு."

"நான் சாப்பிட வரேல்லை அக்கா."

"சாப்பிட வராத ஆக்களும் சாப்பிடலாம்."

மங்கை எடுக்கவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு வாசலிலேயே மறந்துபோயிருந்தது.

"என்ர தோள் இன்னும் ஒரு சீசனுக்குத்தான் தாங்குமாம். டொக்டர் சொல்லிப்போட்டார். வாற வசந்தத்தில ஆத்தங்கரை மரதன் ஓட்டந்தான் எனக்குக் கடைசி. ஒருக்காலாவது முதலா வரவேணும் அக்கா. ஒரேயொருக்கால்."

"வாவன். ஆர் மறிச்சது?"

"இவ்வளவு நாளும் நீங்கள்தான் மறிச்சீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் விலகிட்டீங்கள். நான் பிறகும் ரெண்டாவது."

ஷீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் இருந்த றோல் புரையேறி, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். மங்கை நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

"நில்லு, நில்லு. சிரிச்சது பிழைதான். ஆர் வெண்டது?"

"பெத்தன் எண்டு ஒரு வேல்ஸ் பெட்டை. போன வருஷம் வரைக்கும் ஆரெண்டே தெரியாது."

"எப்பிடி வெண்டவள்?"

இதை மங்கை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"எனக்கு முன்னுக்கு ஒருத்தரும் இல்லை அக்கா. வெறும் ரோட்டு. ஒரு மாதிரி இருந்தது. அவள் கொஞ்சம் முன்னுக்கு வரட்டும், பிறகு பிடிப்பம் எண்டு கையைத் தளர்த்தினன். வந்தாள். பிறகு போயிட்டாள்."

இந்த ஓட்டத்தில் முன்னால் போகிறவள்தான் காற்றோடு மல்லுக்கட்டவேண்டும். அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்குப் பாதிப் பாடு மிச்சம். அப்படி ஒளிந்து வந்து, கடைசியில் வெளியே பாய்ந்து முந்துவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மங்கை ஒளிவதில் கெட்டிக்காரி. பாய்வதுதான் கைகூடவில்லை.

"விடுங்கோ," என்றாள் மங்கை. "இவ்வளவு வருஷம் ஓடி என்ன கண்டது? ரெண்டாவதா வந்தவளை ஆர் பாக்கிறது?"

ஷீலா விரலைத் துடைத்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"ஆத்தங்கரை மரதன் எத்தினை தரம் ஓடியிருப்பாய்?"

"எல்லா வருஷமும்தான். உங்களோடதானே ஓடினன்."

"பாலம் தாண்டினதும் இடப்பக்கம் என்ன இருக்கு?"

"ஏதோ கட்டடம்."

"என்ன கட்டடம்?"

"ஓடேக்க கட்டடத்தை ஆர் அக்கா பாக்கிறது?"

"சரி, கடைசி வளைவு ஏத்தமோ இறக்கமோ?"

"இறக்கம்." மங்கை யோசித்தாள். "இல்லை, ஏத்தம்."

"அப்ப என்னத்தைத்தான் பாத்துக்கொண்டு வந்தனி?"

"உங்கட முதுகை."

ஷீலா தட்டைப் பக்கத்தில் வைத்தாள். "என்ர முதுகில அப்பிடி என்ன கிடக்கு?"

இதற்கு மங்கைக்கு யோசனையே தேவைப்படவில்லை. "பிடரியில இடப்பக்கம் ஒரு மச்சம். அதுக்குக் கீழ இன்னொண்டு, சின்னன். சட்டைத் தையல் எப்பவும் வலப்பக்கம் இழுபட்டுக் கிடக்கும். ஏத்தம் வந்தா வலது தோள்தான் முதல் எழும்பும். களைச்சுப்போனா தலை ரெண்டுதரம் ஆடும். ஆடினாப் பிறகு இன்னும் கெதியாப் போவீங்கள்."

"ரெண்டு மச்சமோ?" ஷீலா கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "இஞ்சேருங்கோ! என்ர பிடரியில எத்தினை மச்சம்?"

"ஒண்டுதானே!" என்று உள்ளேயிருந்து புருஷனின் குரல் வந்தது.

"பாத்தியோ?" என்றாள் ஷீலா. "குடும்பம் நடத்துறவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்கரைக்கு வா. ஓட்ட நாற்காலியைக் கொண்டுவராத. சும்மா நாற்காலி போதும்."

அதில் விஷயம் இருந்தது. ஓட்ட நாற்காலியில் காலை மடக்கி, நெஞ்சை முழங்காலில் அழுத்திக் குனிந்துதான் இருக்கவேண்டும். முகம் ரோட்டோடு ரோட்டாகக் கிடக்கும். சும்மா நாற்காலியில் மனிதர் மாதிரி நிமிர்ந்து இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மரதன் ஓடும் தெருக்களில் ஊர்ந்தார்கள். பாதித் தூரம் ஷீலாவின் புருஷன் வான் வண்டியில் ஏற்றிப்போனார். நல்ல இடங்களில் இறக்கிவிட்டார். சாப்பாட்டுக் கடை உள்ள இடமெல்லாம் ஷீலாவுக்கு நல்ல இடமாகத்தான் இருந்தது.

ஓர் ஏற்றத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர், உதவட்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஷீலாவின் நாற்காலியைத் தள்ளத் தொடங்கினார். மங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகச் சாம்பியனின் நாற்காலியை ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளுகிறார்; அவளோ கையை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு காலநிலை பேசுகிறாள்! மேலே போய்ச் சேர்ந்ததும் கிழவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

"ஏன் அக்கா விட்டனீங்கள்?"

"மனுசன் சந்தோசமாப் போறார். எனக்கும் கை நோகேல்லை. உனக்கு எங்க நோகுது?"

மங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியை உருட்டினாள்.

பாலத்தைத் தாண்டினார்கள். இடப்பக்கம் பச்சை ஓடு பதித்த பழைய நீச்சல் குளக் கட்டடம் ஒன்று நின்றது. வாசலுக்கு மேலே, கல்லில் செதுக்கிய இரண்டு பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இவ்வளவு பெரிய மீன்களை இத்தனை வருடமும் காணாமல் இருந்ததை நினைக்க மங்கைக்குச் சிரிப்பு வந்தது.

"இதைத்தானே அண்டைக்குக் கேட்டனீங்கள்?"

ஷீலாவும் அந்த மீன்களைப் போலவே வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கெங்க தெரியும்?" என்றாள் கடைசியில். "நானும் இப்பதான் பாக்கிறன்."

"என்ன கதை இது! நீங்கள் முன்னுக்குத்தானே போனீங்கள். உங்களுக்கு முன்னால மறைக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. ரோட்டு முழுக்க உங்கட."

"ஓம்."

"அப்ப நீங்கள் என்னத்தைப் பாத்தீங்கள்?"

"நீ முதலா வந்திட்டுக் கேள்," என்றாள் ஷீலா. "இப்ப எனக்குப் பசிக்குது."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. மற்ற நாட்களில் ஓட்ட நாற்காலியில் குனிந்து உழைத்தாள் மங்கை; ஞாயிறு வந்தால் நிமிர்ந்து ஊர் பார்த்தாள். மீன் கட்டடம், பிறகு ரொட்டி வாசம் வீசும் ஒரு பாண் கடை, பிறகு கிழவர் தள்ளிய ஏற்றம், கடைசியில் இறக்கத்து வளைவு. வளைவின் வலது ஓரத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தது. அங்கே நாற்காலிச் சில்லு எண்ணெயில் வழுக்குவது போல ஓடும். ஷீலா பாடம் என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மீனைக் கண்டதும் முன்னுக்குப் போ."

"பிறகு?"

"பிறகு என்ன? போ."

மரதன் அன்று விடிய நல்ல வெயில். ஷீலா இல்லாத ஓட்டம் என்பதால் எல்லோருக்கும் ஆசை இருந்தது. ஆனால் முதல் சில மைலிலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். முன்னால் பெத்தன், அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மங்கை.

பெத்தனின் முதுகு நல்ல அகலம். காற்றே படவில்லை. அந்தச் சட்டையில் எழுதியிருந்ததையெல்லாம் மங்கை பாடமாக்கிவிட்டாள். பிள்ளைக்கு இடது கைதான் பலம் என்றும், இரண்டு மூச்சுக்கு ஒருதரம் கழுத்தை முன்னுக்கு நீட்டுவாள் என்றும் கண்டுபிடித்தாள். இதோடேயே கடைசி வரைக்கும் போய்விடலாம், இரண்டாவதாக வந்தாலும் பரவாயில்லை என்று மனம் மெல்லச் சொல்லிப் பார்த்தது. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகப் பழகிய குரல்.

பாலம் வந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். இரண்டு மீன்களும் அந்தந்த இடத்தில்தான் இருந்தன.

மங்கை வெளியே பாய்ந்தாள்.

காற்று முகத்தில் அறைந்தது. பெத்தன் பக்கத்தில் வந்தாள், பிறகு பின்னால் போனாள். முன்னால் ஒருவரும் இல்லை. தார் ரோட்டும் தடுப்புக்குப் பின்னால் கத்துகிற சனமும்தான். கை தளரப் பார்த்தது. இனிப் பாண் கடை வரும், அதற்குப் பிறகு ஏற்றம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சில்லின் கைவளையத்தில் அடித்தாள்.

அங்கேதான் தெரு மேற்கே திரும்புகிறது. வெயில் முதுகுப் பக்கம் வந்தது. மங்கையின் வலது சில்லுக்குப் பக்கத்தில், ரோட்டில், ஒரு நிழல் ஏறியது. தலைக்கவசம் போட்ட ஒரு தலை. ஏறி இறங்கும் இரண்டு கைகள். இரண்டு மூச்சுக்கு ஒருதரம் அந்தத் தலை முன்னுக்கு நீண்டது.

மங்கை அதைப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை. நிழல் கிட்ட வந்தால் இன்னும் பலமாக அடித்தாள். நிழல் கொஞ்சம் பின்வாங்கினால் ஒரு மூச்சு எடுத்தாள். எடுத்து முடிப்பதற்குள் அது மறுபடி வந்துவிடும். தோளில் நெருப்பு எரிந்தது. ஒரு தரம் நிழல் அவளுடைய முன்சில்லையே தொட்டது. அந்த நேரம் தனக்குள் இருந்து இப்படி ஒரு பலம் எப்படி வந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. சில்லு திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடியபோதுதான் கடைசி வளைவுக்கு வந்துவிட்டது புரிந்தது.

நெஞ்சில் நாடா பட்டு அறுந்தது. பின்னால் பெத்தன் வந்து சேர ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

கோட்டுக்கு அப்பால் ஷீலா பிளாஸ்கோடு காத்திருந்தாள். மங்கை தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஷீலாவின் மூக்கும் சிவந்துதான் இருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது," என்றாள் மங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாண் கடையை நான் காணேல்லை. ஏத்தத்தையும் காணேல்லை."

"ம்."

"முழுக்க அந்தப் பிள்ளையின்ர நிழலைத்தான் பாத்தன்."

"ம்."

"முதலா வந்திட்டன். இப்ப சொல்லுங்கோ. இவ்வளவு வருஷமும் முன்னுக்குப் போனீங்களே, நீங்கள் என்னத்தைப் பாத்தனீங்கள்?"

ஷீலா தேநீரை மூடியில் ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். வியர்வையில் ஒட்டிக்கிடந்த அவளுடைய தலையை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். மற்றப் பக்கமும் சாய்ந்து பார்த்தாள்.

"உன்ர நிழலில, இடக் காதுக்கு மேல, ஏதோ ஒண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கும். நீ கிட்ட வர வர அது ஆடும்," என்றாள். "பத்து வருஷமாக் கேக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். என்னடி அது?"