வெள்ளரி என்றால் நரி

அல்லிக்குளத்துக்கு வீராயி என்ற ஆள்காட்டிக் குருவிதான் காவல். கரையில் இருந்த மண்மேட்டில் நின்றுகொண்டு, யார் வந்தாலும் பெயர் சொல்லிக் கத்துவாள். சும்மா கத்தினால் போதாது. பெயர் சரியாக இருக்க வேண்டும்.

"பருந்து!" என்றால் எல்லோரும் தாழம்புதருக்குள் நுழைய வேண்டும். "நரி!" என்றால் புதர்ப் பக்கமே போகக் கூடாது, நேரே தண்ணீரில் பாய வேண்டும். "பாம்பு!" என்றால் மேட்டில் ஏற வேண்டும். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சுகளுக்கு அந்தக் குளத்தில் முதல் பாடமே இந்த மூன்று சொற்கள்தான். சொல் மாறினால் உயிர் போய்விடும்.

அந்த வீராயியின் தலையில்தான், ஆடிக் காற்றில், ஒரு விளாம்பழம் விழுந்தது.

மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை. நான்காம் நாள் எழுந்தாள். வலது கால் இழுத்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அன்று மாலை கோரைக்குப் பின்னால் நரி ஒன்று பதுங்கிப் போவதைப் பார்த்தாள். மனசுக்குள் 'நரி' என்று தெளிவாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"வெள்ளரி! வெள்ளரி!"

குளமே சிரித்தது.

"எங்கேக்கா வெள்ளரி? பிஞ்சா, பழமா?" என்று கேட்டது ஒரு வாத்து.

வீராயி திகைத்துப்போனாள். மறுபடி முயன்றாள். மறுபடியும் வெள்ளரிதான் வந்தது. மறுநாள் பருந்தைப் பார்த்து "மருந்து!" என்றாள். பாம்பைப் பார்த்து "வேம்பு!" என்றாள். கண் சரியாகத்தான் பார்த்தது. நாக்குதான் வேறு எங்கோ போய்த் திரும்பியது.

சிரித்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. கோரைக்குப் பின்னால் இருந்த நரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அடுத்த நாளே அது அக்கரையில் வந்து நின்றது. கண்ணில் நீர் வேறு.

"நாரையாரே! நான் கிட்ட வரல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். பாவம் வீராயி! எத்தனை வருஷம் உழைச்ச உடம்பு! இனிமேலாவது நிம்மதியா கிடக்கட்டுமே. காவலுக்கு நம்ம ஓணானைப் போடுங்க. தங்கமான பையன். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான்!"

பக்கத்துக் கல்லில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது.

நாரையார்தான் குளத்துக்குப் பெரியவர். நரி இரக்கப்பட்டால் முதலில் அதன் பல்லைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சிக்கல் சுலபமாகத் தீர்கிறதே! வீராயியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா சொல்றே?"

"நான்… மேட்டை…" என்று தொடங்கினாள் வீராயி. அடுத்த சொல் தொண்டையில் நின்றுகொண்டது. அதை இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள் நாரையார் முந்திக்கொண்டார்.

"விட்டுடறேங்கிறியா? நல்ல முடிவு! போய் ஓய்வெடு தாயி."

அவள் சொல்ல வந்தது 'விட மாட்டேன்'.

ஒரு சொல்லில் வேலை போய்விட்டது. மேட்டில் ஓணான் ஏறிக்கொண்டது. வீராயிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. காலை இழுத்துக்கொண்டு, யாரும் வராத நாவல் மரத்தடிக்குப் போனாள். தனியாக அழலாம் என்று நினைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது.

ஒருவன் முத்தன் என்ற குரங்கு. கிளை முறிந்து தலைகுப்புற விழுந்தவன். பழத்தை வைத்த இடம் அவனுக்கு மறந்துவிடும். மறந்ததற்காக மரத்தைப் போட்டு உலுக்குவான். இன்னொருவர் ஆமையண்ணன். பாறை உருண்டு தலையில் பட்டதிலிருந்து, நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு வட்டமாக நடப்பார். இருவருக்கும் மேலே, கிளையில், ஒரு மரங்கொத்தி.

"வா வீராயி! பொழுதன்னைக்கும் தலையைக் கொண்டுபோய் மரத்துல மோதறவன் நான். தலைக் கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றது மரங்கொத்தி. "இங்க ஒரே சட்டம்தான். அடுத்தவங்க சொல்லை யாரும் எட்டிப் பிடுங்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கணும். இப்ப சொல்லு!"

"நான்… மேட்டை…"

காத்திருந்தார்கள். ஓர் எறும்பு வரிசை மரத்தடியை முழுசாகக் கடந்து போனது. முத்தன் வாய்க்குள் விரலை வைத்துக் கடித்துக்கொண்டான், ஆனால் பேசவில்லை.

"…விட மாட்டேன்!"

"விடாதே!" என்று குதித்தான் முத்தன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கே பயிற்சி. மரங்கொத்தி தாளம் போடும். டொக்… டொக். "பேசினா வராதது பாடினா வரும். தாளத்துல ஏத்திப் பாரு!" ந… ரி… டொக்… டொக். சில நாள் வந்தது. பல நாள் வரவில்லை. மதியம் ஆமையண்ணனோடு ஈரச் சேற்றில் நடை. வீராயி எதிரே நிற்பாள், ஆமை அவளைக் குறிவைத்து நேராக வரப் பழகும். இரண்டு பேரும் மெதுவாக நடப்பதால் யாருக்கும் வெட்கமில்லை. முத்தன் பழம் வைத்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைக்க, அந்த அடையாளத்தை வீராயி அவனுக்கு ஞாபகப்படுத்துவாள்.

ஒருநாள் இருபது தடவை முயன்று இருபது தடவையும் வெள்ளரியே வந்தது. வீராயி சேற்றை வாரி இறைத்தாள். "போ!" என்று கத்தினாள்.

"'போ' அருமையா வருது அக்கா!" என்றான் முத்தன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் பழம் விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"வராட்டி போகட்டும்" என்றது மரங்கொத்தி. "நீ எங்க சொல்லைக் கத்துக்கற. நாங்க உன் சொல்லைக் கத்துக்கறோம். வெள்ளரின்னா நரி. மருந்துன்னா பருந்து. வேம்புன்னா பாம்பு. இதுல என்ன கஷ்டம்?"

ஐப்பசி வந்தது. வாத்துகள் குஞ்சு பொரித்தன. குளமெங்கும் மஞ்சள் பஞ்சாகக் குஞ்சுகள் மிதந்தன. நரியும் நாள் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பகலில், எல்லோரும் கரையேறி வெயில் காயும் நேரத்தில், அது தாழம்புதருக்குள் புகுந்துகொண்டது. உள்ளிருந்து குரலை மாற்றிக் கத்தியது.

"பருந்து! பருந்து!"

தாய் வாத்துகள் மேட்டைப் பார்த்தன. "பருந்தா தம்பி?"

ஓணான் தலையை ஆட்டியது. அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான்!

அவ்வளவுதான். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எல்லா வாத்துகளும் புதரை நோக்கி ஓடின.

சேற்றில் நடந்துகொண்டிருந்த வீராயி வானத்தைப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. புதரைப் பார்த்தாள். தாழை மடலுக்கிடையே ஒரு வால் நுனி தெரிந்தது.

"வெள்ளரி!"

ஓடுகிற அவசரத்திலும் ஒரு வாத்து சிரித்தது. வீராயிக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டால் மானம் மிஞ்சும். குஞ்சுகள் மிஞ்சாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினாள்.

"வெள்ளரி! வெள்ளரி! வெள்ளரி!"

"வெள்ளரின்னா நரி!" மரத்திலிருந்து முத்தன் அலறினான். "தண்ணிக்குள்ள பாயுங்க!" மரங்கொத்தி மரத்தைப் பிளப்பதுபோல் தட்டியது. ஆமையண்ணன் அன்று வட்டமடிக்கவில்லை. நேரே போய்த் தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தார்.

வாத்துகள் புதருக்கு ஒரு சாண் தூரத்தில் தயங்கி நின்றன.

நரிக்குப் பொறுக்கவில்லை. "பைத்தியம் பேச்சைக் கேக்காதீங்க! பருந்தேதான்! உள்ள வாங்க, சீக்கிரம் வாங்க!"

ஒரு வாத்துக் குஞ்சு தலையைச் சாய்த்துக் கேட்டது. "அம்மா, காவக்காரர் 'உள்ள போங்க'ன்னுதானே சொல்லுவாரு? இவரு 'வாங்க'ங்கறாரே! அப்ப உள்ள யாரு இருக்கா?"

தாய் வாத்துக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "தண்ணி! தண்ணிக்கு ஓடுங்க!"

நரி பாய்ந்தது. அதன் வாயில் ஒரு வால் இறகுதான் மாட்டியது. அடுத்த பாய்ச்சலுக்குள் வீராயி வந்துவிட்டாள். கால்தான் இழுக்கும், சிறகுக்கு என்ன கேடு? மரங்கொத்தியின் தாளத்துக்கு ஏற்ப, ஒரு கொத்துக்கு ஒரு சொல்லாக நரியின் மண்டையில் இறங்கினாள்.

"ந… ரி! ந… ரி! ந… ரி!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் அக்கரை, காடு எல்லாம் தாண்டிப் போய்விட்டது.

நாரையார் ஓடோடி வந்தார். "வீராயி! சொல் வந்துடுச்சே! உனக்குக் குணமாயிடுச்சு! மேட்டை நீயே…"

வீராயி இழுக்கிற காலைத் தூக்கிக் காட்டினாள். நாரையார் நிறுத்தினார்.

"எனக்கு… நாளைக்கு…"

நாரையாரின் அலகு தானாகத் திறந்தது. முத்தன் முறைத்தான். அலகு மூடிக்கொண்டது. வாத்துகள் காத்திருந்தன. குஞ்சுகள் காத்திருந்தன. முதல் தடவையாக அந்தக் குளம் முழுவதும் ஒருத்தியின் சொல்லுக்காகக் காத்திருந்தது.

"…மறுபடி வெள்ளரின்னுதான் வரும்! மேடு… என்னோடது. நீங்க… கத்துக்குங்க!"

நாரையார் தலையைக் குனிந்துகொண்டார். "கத்துக்கறோம் தாயி. நான் உன் பேச்சைப் பிடுங்கினது தப்பு" என்றார்.

மறுநாள் நாவல் மரத்தடியில் இடம் போதவில்லை. அல்லிக்குளத்துக் குஞ்சுகளுக்கு இப்போது மூன்று சொற்கள் அல்ல, ஆறு சொற்கள் பாடம். வெள்ளரி என்று கேட்டால் அவை தண்ணீரில் பாய்கின்றன, யாரும் சிரிப்பதில்லை. "மேட்டை விட்டு இறங்கறியா?" என்று ஓணானைக் கேட்டார்கள். வழக்கம்போலத் தலையை ஆட்டியது.

அடிபட்டுச் சொல் தடுமாறுகிறவரை ஓரங்கட்டுகிற ஊர் தன் காவலைத் தானே இழக்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து கேட்கிற ஊரே பிழைக்கும்.