அதிரசம் திருடிய விகடகவி

முன்னொரு காலத்தில், பெயர் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாத ஏதோ ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவனுடைய ஆறு வயது மகள் பூங்கோதைக்குக் கணக்கு என்றாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆஸ்தான ஆசிரியர் சடாதரர் அவளை வாய்ப்பாடு உருப்போட வைத்திருந்தார். கடகடவென்று ஒப்பிப்பாள். நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் போச்சு, திருதிருவென்று விழிப்பாள்.

ராஜாவுக்கு ஒருநாள் திடீர் ஆசை பிறந்தது. "கலைமகள் பூஜையன்று இளவரசி சபையில் கணக்குச் சொல்லியாக வேண்டும்!"

நடுவில் யாராவது கேள்வி கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று சடாதரருக்குத் தெரியும். போதாததற்கு, விகடகவி அம்பலவாணன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. "மன்னா, எதையும் சிரிக்க வைத்தே சாதிப்பவர் அம்பலவாணர். அவரே கற்பிக்கட்டும். ஆனால் ஓர் எண்ணைக்கூடச் சொல்லித் தரக் கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. தோற்றால் நாட்டை விட்டே போய்விட வேண்டும்" என்று கோத்துவிட்டார்.

ராஜாவும் தலையாட்டிவிட்டான். தோற்றால் அம்பலவாணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது? இருந்தாலும் சிரித்துக்கொண்டே, "உத்தரவு மன்னா" என்றான்.

மறுநாளிலிருந்து அவன் பாடம் நடத்திய அழகைக் கேளுங்கள். மடைப்பள்ளியில் அதிரசம் வாங்கிவந்து இளவரசியோடு பங்கு போடுவான். தன் தட்டில் கூசாமல் கூடுதலாக வைத்துக்கொள்வான். குழந்தை சும்மா இருக்குமா? முதலில் சண்டைக்கு வந்தாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள். அவள் அசந்தால் இவன் இன்னும் சிலவற்றைச் சுருட்டுவான். எத்தனை போயிற்று என்று சரியாகச் சொன்னால்தான் திருப்பித் தருவான்.

பூஜை நாளும் வந்தது. சபை நிறைந்திருந்தது. "பதினைந்தில் ஆறு போனால் மிச்சம் எவ்வளவு?" என்றார் சடாதரர். பூங்கோதையின் உதடு பிதுங்கியது. பாவம், கண் கலங்கிவிட்டது. சடாதரர் மீசைக்குள் சிரித்தார்.

அம்பலவாணன் ஒரு தட்டு அதிரசத்தை அவள் முன்னே நீட்டினான். பழக்கதோஷம், அவள் உடனே எண்ணிக்கொண்டாள். அவன் சால்வையால் தட்டை மூடி, அடியில் கைவிட்டு அள்ளி மடியில் கட்டிக்கொண்டான்.

சால்வையை விலக்கியதுதான் தாமதம். "பதினஞ்சு இருந்துச்சு, இப்ப ஒன்பதுதான் இருக்கு! ஆறைத் திருடிட்டீங்க மாமா! எடுங்க வெளியே!" என்று கத்தினாள் பூங்கோதை.

"மன்னா, இது கற்பித்தல் அல்ல! குழந்தையை ஏமாற்றியிருக்கிறார்!" என்று குதித்தார் சடாதரர்.

"உண்மைதான் ஐயா. கற்பிக்கத்தான் தாங்கள் வழியே விடவில்லையே. நான் ஏமாற்ற மட்டும் செய்தேன். ஏமாறாமல் இருக்க இளவரசியார் தாமே கற்றுக்கொண்டார்."

ராஜா குலுங்கிச் சிரித்தான். "அம்பலவாணருக்குப் பொற்பதக்கமும், நம் கையாலேயே இருபது அதிரசமும்!" என்று தட்டை வரவழைத்துக் கொடுத்தான்.

பூங்கோதை எட்டிப் பார்த்தாள். "அப்பா, ரெண்டு குறையுது. மீசையைத் துடைங்க."

சபையே வெடித்துச் சிரித்தது, சடாதரர் உட்பட. ராஜா மீசையைத் துடைத்துக்கொண்டு, தின்ற இரண்டுக்கு ஈடாக அம்பலவாணனுக்கு ஒரு கிராமத்தையே எழுதிவைத்தான்.