வழுக்காத ஜோடி

"பன்னிரண்டு வருஷமா ஓடுறது நான். கையெழுத்து மட்டும் உங்களுது. இது என்ன நியாயம் டீச்சர்?"

கேட்டவன் பரஞ்சோதி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஓட்டக்காரன். மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே அங்கே ஷூ செய்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கி, தேறுமா தேறாதா என்று சொல்வது அவன் வேலை. அவன் சொன்னது செல்ல வேண்டுமென்றால் எஸ்தர் டீச்சர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

டீச்சர் அவனைவிட நாலு வயது இளையவள். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்; இப்போது கம்பெனியில் ஷூ சோதனைக்குப் பொறுப்பு. பேச்சு குறைவு. மலையடிவாரத்து ஷெட் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷூவைப் பத்திச் சொல்லுங்க."

"பஞ்சு. கால்ல கிடக்கிறதே தெரியல. ஒரு ஷூ இருநூறு கிராம்தான். ரெண்டு தக்காளி எடை."

"வழுக்குதா?"

"எனக்கா?" சிரித்தான். "மூணு நாள் மழையிலயும் இறங்கிட்டேன். ஒரு தடவைகூட வழுக்கல. இந்தக் கருடன் குன்றுல கண்ணைக் கட்டி விட்டாலும் இறங்குவேன்."

"ஞாயித்துக்கிழமை நம்ம கம்பெனி போட்டி. முந்நூறு பேர் இதைத்தான் போட்டுக்கிட்டு ஓடப் போறாங்க. மலையை முன்னப்பின்ன பார்க்காதவங்க."

"தைரியமா அனுப்பலாம். நானே போடுறேன் கையெழுத்து. பேனாவைக் குடுங்க."

பேனா டீச்சரின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அதை அவள் தொடவில்லை.

"ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினான். எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேய்ப்பு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஷெட்டில் எந்நேரமும் ஏதாவது மெஷின் ஓடும். பரஞ்சோதி கண்டுகொள்ளவில்லை. உரித்து வைத்திருந்த கடலையை அள்ளித் தின்றான்.

டீச்சர் திரும்பி வந்தாள். ஜோடியை அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை."

"இப்பத்தானே இறங்கி வந்தேன்?"

"தூறல் விடுறதுக்குள்ள போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? பத்து நாளாக அவன் காலில் கிடந்த ஜோடி.

ஏறினான். உச்சிக் கல்லைத் தொட்டான். இறங்கினான். புளியமரத்துக்கு இடப்பக்கம். பாசிப் பாறையைத் தாண்டி ஓர் எட்டு. ஓடையில் மூன்றாவது கல். கால் தன்பாட்டுக்கு வந்து சேர்ந்தது. மூச்சுக்கூட வாங்கவில்லை.

"வழுக்குச்சா?"

"கேக்கணுமா? இப்ப இன்னும் லேசா இருக்கு டீச்சர். உள்ளே போயி என்ன பண்ணீங்க?"

"திருப்பிப் பாருங்க."

வலது காலைத் தூக்கிப் பார்த்தான். பிறகு இடது.

பாறையைக் கவ்வுகிற ரப்பர் பற்களில் ஒன்றுகூட இல்லை. மொத்தமும் தேய்த்து எடுத்தாகிவிட்டது. பிறந்த குழந்தையின் ஈறு மாதிரி வழவழவென்று இருந்தது.

கோபம் வந்தது அவனுக்கு.

"நான் விழுந்திருந்தா?"

"விழுந்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

டீச்சர் கடலை உரிக்கப் போய்விட்டாள்.

அவன் குன்றைப் பார்த்தான். புளியமரம். பாசிப் பாறை. மூன்றாவது கல். எல்லாம் காலுக்கு மனப்பாடம். பிறகு பிடரியைச் சொறிந்தான்.

"இதுலயே பல்லோட வேற ஜோடி இருக்கா?"

"ஒம்பதாம் நம்பர். மேல்தட்டுல இருக்கு, எடுத்துக்குங்க."

எடுத்தான். இந்தத் தடவை கவிழ்த்துப் பார்த்தான். ஒவ்வொரு பல்லையும் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டினான்.

கருடன் குன்றுக்கு முதுகைக் காட்டினான். ரோட்டைக் கடந்தான்.

எதிரே இருப்பது தேனடுக்கு மலை. பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவன் காலே வைத்ததில்லை. கேட்டால், "அதெல்லாம் ஒரு பாதையா" என்பான்.

"அங்க பாதை தெரியுமா உங்களுக்கு?" டீச்சர் குரல் கொடுத்தாள்.

"தெரியாது," என்றான், திரும்பாமலே.

மத்தியானம் தாண்டி வந்தான். ஒரு முழங்காலில் ரத்தம். முதுகு முழுக்கச் சேறு. தலையில் ஏதோ இலை. நடை மட்டும் மாப்பிள்ளை நடை.

"எருமை குளிச்ச மாதிரி இருக்கீங்க," என்றாள் டீச்சர்.

"நாலு தடவை விழுந்தேன். நாலும் ஈரப் பாறை. நாலு தடவையும் குதிகால்தான் விட்டுது. அங்க பல்லு குட்டை, பிடிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமைக்கு இது ஆகாது டீச்சர். போன வருஷத்து ஜோடியே போகட்டும். கனம்தான். ஆனா நிக்கும்."

"கம்பெனியில கத்துவாங்க."

"கத்தட்டும். அவங்களைத் தேனடுக்குக்குக் கூட்டிட்டு வாங்க. நான் முன்னால ஓடுறேன்."

டீச்சர் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள். பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.