பத்து எண்ணி விடுங்கள்

மாசிலாமணி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வெயிலில் பிள்ளைகளை நிற்க வைத்தே பழகிய மனுஷன், ஓய்வு பெற்றதும் ஆசிரமத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளைய நாச்சியாரம்மாவுக்குச் சீடராகிவிட்டார். அந்த அம்மா முன்பு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்தவர்.

மாஸ்டருக்கு ஒரே மகள், பூங்கோதை. பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று, "என் வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவளும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, ஆறு வருஷமாக மிதிக்கவில்லை. ஆனாலும் பதினோரு மணி பஸ் ஆசிரம வாசலில் நின்றால், இவர் எட்டி எட்டிப் பார்ப்பார். அவள் இறங்கவில்லை என்றதும் முகம் சுண்டிப்போகும். பாவம், அப்படி ஏங்கினார்.

கழுத்து வலி வந்தது. நாச்சியாரம்மா பயிற்சி சொன்னார்.

"உள்ளங்கையை நெற்றியில வைங்க. கை பின்னால தள்ளட்டும், தலை முன்னால தள்ளட்டும். ரெண்டும் அசையக்கூடாது. பத்து எண்ணி விட்டுடுங்க."

பத்தா? அதெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கு! நம் மாஸ்டர் இருநூறு எண்ணினார். ஒரே வாரத்தில் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. பஸ் வந்தது, திரும்ப முடியவில்லை. யார் இறங்கினார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. கண் கலங்க அம்மாவிடம் போனார்.

"உங்க வைத்தியம் என்னைக் கொன்னுபோட்டுச்சும்மா."

"எங்கே, செஞ்சு காட்டுங்க."

கையை வைத்துத் தள்ளினார். அம்மா எண்ணினார். பத்து போய், இருபதும் போயிற்று. நெற்றி நரம்பு புடைத்தது.

"ஏன் ஐயா விடமாட்டேங்கிறீங்க?"

"விட்டா தோத்த மாதிரி இருக்கும்மா."

"யார்கிட்ட? கையும் உங்களுது, தலையும் உங்களுது."

மாஸ்டரின் கை அப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தது.

"பேத்தி பிறந்திருக்காளாம்" என்றார் கடைசியில். "யாரோ சொல்லித்தான் தெரியும். பார்க்கணும்னு உசிரு துடிக்குது. அவளே வரட்டும்னு நான் இருக்கேன். அப்பா கூப்பிடட்டும்னு அவ இருக்கா. யாரும்மா முதல்ல இறங்கி வரணும்?"

அம்மா அவர் கையை நெற்றியிலிருந்து மெதுவாக எடுத்து, மடியில் வைத்தார்.

"யாருக்கு வலிக்குதோ அவங்க."