கோதண்டம் போட்ட துண்டு

காண்டிராக்டர் தெய்வசிகாமணிக்கு விமானத்தில் ஏறுவதைவிட, அதற்கு முன்னால் விமான நிலையத்தில் காசு கட்டி லவுஞ்சில் உட்காருவதுதான் பெருமை. இரண்டாயிரம் ரூபாய் கட்டிவிட்டு, கூட வந்த எடுபிடி கோதண்டத்தைப் பார்த்தார்.

"இது பெரிய மனுஷங்க உட்கார்ற இடம். நீ அந்தப் பொதுஜன நாற்காலியிலே கிட."

உள்ளே போனால், ஊரிலுள்ள பெரிய மனுஷர்கள் எல்லோரும் அவருக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆறிப்போன இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். இவரும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு தூணோரம் நின்றார். கால் கடுத்தது. ஒரு கையில் தட்டு இருந்ததால், போனை ஸ்பீக்கரில் போட்டுக் கோதண்டத்தை அதட்டினார்.

"டேய், இங்கே உட்கார இடமில்லை. என்ன பண்ணுவியோ தெரியாது, எனக்கு உடனே ஒரு சீட் பிடி."

"அப்பவே பிடிச்சாச்சுங்க ஐயா. பஸ்ஸிலே போடற மாதிரி துண்டு போட்டு வெச்சிருக்கேன்."

"நீ எப்படிடா லவுஞ்சுக்குள்ளே வந்தே?"

"வரலீங்க. துண்டு இங்கே, பொதுஜன நாற்காலியிலேங்க. நல்லா ஏசி வருது."

காண்டிராக்டர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் தட்டோடு நின்ற கோட்டுக்காரர் போனை நோக்கிக் குனிந்தார்.

"தம்பி, பக்கத்து சீட்டிலே எனக்கும் ஒரு கர்ச்சீப் போட்டு வைப்பா."