ஆறாத ஸ்டூல்

ஸ்டூல் கம்பெனியில் புது உற்பத்தி லைன் போட்ட இன்ஜினியர் பரந்தாமனுக்கு, அங்கே வேலை செய்யும் பாவாத்தாளின் தண்ணீர்த் தொட்டி கண்ணை உறுத்தியது. அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு ஸ்டூலையும் அவள் அதில் முக்கியெடுத்துத்தான் அடுக்குவாள்.

"என் பிளாஸ்டிக் கலவை நூறு கிலோ தாங்கும். உன் தொட்டி எதுக்கு? முதலாளி முன்னாடி இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!"

"நிரூபிக்க நான் என்ன படிச்சவளுங்களா சார்? நீங்களே முதலாளிக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்க" என்று, அப்போதுதான் அச்சை விட்டு வந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள் பாவாத்தாள்.

பரந்தாமன் அதில் உட்கார்ந்து கலவையின் பெருமையைச் சொல்லச் சொல்ல, நான்கு கால்களும் மெல்ல மெல்ல அகன்றன. "நூறு கிலோ" என்று முடித்தபோது தரையில் இருந்தார்.

முதலாளி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

பாவாத்தாள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "கலவை நல்ல கலவைதானுங்க சார். குளிப்பாட்டி எடுத்தா நூறென்ன, நூத்தம்பதே தாங்கும்."